பதினேழாவது குரல்

எம்.ரெட்டியபட்டி மைதானத்தில் கரண்டு போனபோது இருந்தவர்கள் மூன்று பேர். கோல் கம்பத்தில் சாய்ந்து ஜோஸ்வா. பந்தின் மேல் பால்சாமி. இருவருக்கும் எதிரே தரையில் வெள்ளத்துரை. சொன்னது வெள்ளத்துரை. நடந்தது அவன் அக்கா வீட்டுக்காரர் கிறிஸ்டோபருக்கு.

தொண்ணூற்று நாலாம் வருஷம். இரவு ஒன்பதரை. ஆளரவமற்ற ரோட்டோரம் பல்கலைக்கழக ஸ்டேடியம். மறுநாள் போட்டி. கேலரிக்குக் கீழே இருந்த அறையில் கல்லூரி அணி படுத்திருந்தது. கோடு போட்ட ஈரச் சுண்ணாம்பின் வாசனை. கிறிஸ்டோபர் அந்தக் கல்லூரியில் கிளார்க், எதிலும் ஒழுங்கு. படுக்கும் முன் பட்டியலைப் பிரித்துப் பெயர் கூப்பிடுவார்.

பதினாறு பெயர். பதினாறு ‘உள்ளேன் ஐயா’. பட்டியலை மடித்தார்...

கதவுக்கு வெளியே, இருட்டிலிருந்து, “உள்ளேன் ஐயா.”

“ஏலே, பேய்க்குமா அட்டெண்டன்ஸு?” என்றான் பந்தின் மேலிருந்த பால்சாமி. சிரித்தது அவன் மட்டும்தான்.

அந்தக் குரலைக் கிறிஸ்டோபருக்குத் தெரியும். ஏழு வருஷத்துக்கு முன் இதே ஸ்டேடியத்தில் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுத்தார்கள். பரளச்சி இருளப்பசாமி, அதே கல்லூரியின் கோல்கீப்பர், விடியற்காலையே வந்து நின்றான். ஆனால் அந்த இடம் பெரிய மனிதர் ஒருவரின் மச்சான் மகனுக்கு வேண்டியிருந்தது. “அவன் வரலைன்னு எழுதிருங்க” என்றார்கள். பட்டியலை வைத்திருந்த கிறிஸ்டோபர் எழுதினார். பையனை ஸ்டேடியம் கேட்டுக்கு வெளியே தள்ளினார்கள். பொழுது சாயும்வரை அங்கேயே நின்றான். திருச்சுழி வந்து இறங்கியபோது ஊருக்குக் கடைசி பஸ்ஸும் போயிருந்தது. இருட்டில் நடந்தான்... பருத்தி லோடு லாரி.

‘கிரவுண்டுக்கே போகாம ஊர் சுத்துன பய’ என்று ஊர் பேசியது. அவன் அம்மா பெத்தம்மாள் வருஷா வருஷம் யாரையாவது பிடித்து எழுதச் சொல்லிக் கல்லூரிக்குக் கார்டு போடுவாள்: ‘எம்மவன் அன்னைக்கு வந்தானா ஐயா? ஒரு வரி எழுதுங்க.’ ஒன்றுக்கும் பதில் போனதில்லை.

அன்றிரவு கிறிஸ்டோபர் கதவைத் திறந்தார். யாருமில்லை. கோல் கம்பத்திலிருந்து வாசல்வரை சுண்ணாம்புக் கால்தடம். வெறுங்கால். திரும்பிப் போன தடம் மட்டும் இல்லை.

காலையில் இன்லண்ட் லெட்டர் வாங்கி உட்கார்ந்தார். ‘வந்தான்’ என்று எழுதினால் பழைய பட்டியல் வெளியே வரும். வேலை போகும். வீட்டில் ரெண்டு பொம்பளப் பிள்ளைகள். பேனாவைத் திறந்தார்.

‘அன்புள்ள அம்மா, தங்கள் மகன் அன்று வரவில்லை.’

மடித்தார். பசை தடவி ஒட்டினார். விலாசத்தை இரண்டு தடவை சரிபார்த்தார். தபால் பெட்டிக்குள் போட்டார். கடிதம் கீழே விழுந்த சத்தம் கேட்கவில்லை...

பெட்டிக்குள்ளிருந்து, மெதுவாக,

“உள்ளேன் ஐயா.”