மூன்று வண்டியும் பத்திரமாக இருக்கின்றன

ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் பூட்டு வாங்குவதென்றால் பத்து மணிக்குள் போய்விட வேண்டும், மேடம். அதற்குப் பிறகு துருப்பிடித்ததுதான் மிஞ்சும். என் மகன் வெற்றிவேலின் வண்டிக்கு அங்கேதான் சங்கிலிப் பூட்டு வாங்கினேன். கட்டைவிரல் கனம். அதை அறுக்க எந்தத் திருடனுக்கும் அரை மணி நேரமாவது பிடிக்கும். எனக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை, இன்னொரு சாவி என்னிடம் இருந்தது.

நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக முதலிலிருந்தே சொல்கிறேன். பெயர் கலைவாணி, வயது ஐம்பத்து நான்கு, லாஸ்பேட்டை. அரசு அலுவலகத்தில் கிளார்க். கணவர் வண்டியில் அடிபட்டு இறந்தாரா என்று கேட்டீர்கள். இல்லை, சர்க்கரை நோய். வண்டி எங்கள் குடும்பத்தில் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை. கல்யாணமான புதிதில் எனக்குக் கியர் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். மகனுக்கு அது தெரியாது. அவன் கேட்டதில்லை.

வெற்றிவேலுக்கு இருபத்தொன்பது வயது. சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. போன வருஷம் சரிதாவைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னான். கதிர்காமத்துப் பெண், லேபில் வேலை. நல்ல பெண் என்று நானே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். ஞாயிறானால் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பிள்ளைச்சாவடிப் பக்கம் கடலைப் பார்க்கப் போய்விடுவான். நான் மீன் குழம்பு வைத்து மூடிவைத்திருப்பேன். அதற்கெல்லாம் கோபப்படுகிறவள் இல்லை நான்.

ஒருநாள் அவன் வண்டி சர்வீசுக்குப் போயிருந்தது. என் ஸ்கூட்டரில் அவனைக் கம்பெனிக்குக் கொண்டுபோய் விட்டேன். கோரிமேட்டு நெரிசலில் பிரேக் போட்டபோது என் தோளைப் பிடித்துக்கொண்டான். “மெதுவா போம்மா” என்றான். அவன் என் தோளைப் பிடித்துப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது.

வண்டி சர்வீசிலிருந்து திரும்பி வந்த வாரமே எடுத்துவிட்டேன்.

சிரமமே இல்லை. இரவு ஷிப்டு முடித்து வந்து அவன் பகலில் தூங்குவான். கணவருடைய முழுக்கைச் சட்டை, பேண்ட், ஹெல்மெட். திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சின்னக்கண்ணு என்பவர் வண்டி ஸ்டாண்டு வைத்திருக்கிறார், மேலே கூரை உண்டு. நிறுத்திவிட்டு, பஸ் பிடித்து, அவன் எழுவதற்குள் வந்து காபி போட்டுவிட்டேன். எதிர்வீட்டுக் கேமராவில் பதிவானதைப் பார்த்த போலீஸ்காரர், “இருபது வயசுப் பையன், ஒல்லியா இருக்கான்” என்றார். அன்றைக்கு முழுவதும் எனக்கு மனசு லேசாக இருந்தது. என் வயதுக்கு வந்தால் உங்களுக்கும் புரியும்.

ஐந்து மாதம் அவன் என் பின்னால்தான் உட்கார்ந்து போனான். சரிதாவைப் பார்க்கவும் நான்தான் கொண்டுபோய் விட்டேன். அவர்கள் பேசி முடிக்கும் வரை ஸ்கூட்டரிலேயே உட்கார்ந்திருப்பேன். அவசரப்படுத்தியதே இல்லை. எப்போதாவது ஹாரன் அடித்திருப்பேன்.

பிறகு ஒரு பழைய வண்டி வாங்கினான். சங்கிலிப் பூட்டு அதற்குத்தான். அது ஆறு வாரம் இருந்தது.

மூன்றாவது, சரிதாவின் அண்ணன் கொடுத்த வண்டி. இந்தத் தடவை வெற்றிவேல் விடவில்லை. அவனுடைய சிநேகிதன் தேவதாஸ் எங்கள் தெருமுனையில் மெக்கானிக் கடை வைத்திருந்தான். அலாரம், ஜிபிஎஸ் எல்லாம் அவனே பொருத்தினான். பொருத்தும்போது டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன்.

“இந்தப் பொட்டிய எங்கப்பா வெப்ப? திருடன் கண்ல படாதா?” என்று கேட்டேன்.

“சீட்டுக்குக் கீழம்மா. நமக்கு மட்டுந்தான் தெரியும். வண்டி எங்க போனாலும் போன்ல காட்டிக் குடுத்துடும்.”

அந்த வண்டியை எடுத்த அன்றைக்கு அந்தப் பெட்டியைக் கழற்றிக் கடலூர் பஸ்ஸில் ஒரு சீட்டுக்கு அடியில் வைத்தேன். போனில் வண்டி ஓடுவதைப் பார்த்துக்கொண்டே வெற்றிவேலும் தேவதாஸும் கடலூர் வரை துரத்திப்போய், மீன் கூடைகளுக்கு நடுவில் அதைக் கண்டுபிடித்தார்களாம். வெற்றிவேல் வந்து சொன்னபோது சிரிப்பை அடக்கச் சமையலறைக்குப் போக வேண்டியதாகிவிட்டது. சரி, அது தப்புத்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

பெட்டி எங்கே இருந்தது என்று யாருக்கெல்லாம் தெரியும் என்று தெருவில் கேட்டார்கள். “பொருத்தினது தேவதாஸ்தான்” என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னதும் பொய்யில்லை. தெருக்காரர்கள் நாலு பேர் அவனை அடித்ததில் வலது மணிக்கட்டு எலும்பு நொறுங்கிப்போயிற்று. இனி ஸ்பேனர் பிடிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கடையை மூடிவிட்டான். நான் தினமும் ஆட்டுக்கால் சூப் கொண்டுபோய்க் கொடுத்தேன். இடது கையால் குடிக்கச் சிரமப்பட்டான், நானே ஊட்டிவிட்டேன். “நீங்க ஒருத்தர்தாம்மா என்ன நம்புறீங்க” என்று அழுதான். நம்பாமல் என்ன, மேடம்? அவன் எடுக்கவில்லை என்று எனக்குத்தான் நிச்சயமாகத் தெரியுமே.

சரிதா வீட்டில் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார்கள். “ஒரு வண்டியப் பாத்துக்கத் தெரியாதவன் எங்க பொண்ண எப்படிப் பாத்துப்பான்?” என்று அவளுடைய அம்மா கேட்டாராம். அந்த அம்மாளுக்கு அப்படியெல்லாம் பேச வராது. பத்து நாளைக்கு முன்னால் நான்தான் விளையாட்டாக அவரிடம் அதைச் சொல்லிச் சிரித்தேன்.

வண்டிகளை நான் விற்கவில்லை, பிரிக்கவில்லை. மாதம் ஒருமுறை சேலை கட்டிக்கொண்டு திண்டிவனம் போய் மூன்றையும் துடைத்து, பேட்டரி இறங்காமல் ஸ்டார்ட் செய்துவிட்டு வருவேன். இவ்வளவு பொறுப்பாக எந்த ஸ்டாண்டிலும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். சின்னக்கண்ணுவுக்குச் சந்தேகம் வந்ததே அதனால்தான். ஒரே அம்மாளுக்கு எதற்கு மூன்று புதுச்சேரி வண்டி என்று போலீசுக்குச் சொல்லிவிட்டார்.

நேற்று அந்த ஸ்டாண்டு வீடியோவை வெற்றிவேலுக்குப் போட்டுக் காட்டினீர்கள். நானும் பின்னால் நின்று பார்த்தேன். மூன்று வண்டிக்கும் ஹேண்டில் பூட்டு விழுந்ததா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை ஆட்டிப் பார்க்கிறேன். அவன் திரும்பி என்னைப் பார்த்தான்.

“தேவதாஸ் கைய நெனச்சுப் பாத்தியாம்மா?” என்றான். அவ்வளவுதான். புகாரில் கையெழுத்துப் போட்டான். என்னோடு வீட்டுக்கு வரவில்லை.

அது அந்த நேரத்துக் கோபம். காலையிலிருந்து சாப்பிட்டிருக்க மாட்டான், அவனுக்குப் பசித்தால் அப்படித்தான். இப்போது கதிர்காமத்தில் சரிதா வீட்டில் இருக்கிறான், அடுத்த வாரம் ரிஜிஸ்டர் கல்யாணம், ஜாமீனுக்கும் வரமாட்டானாம் என்று நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. யாரோ அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், இங்கேயா? வண்டி மூன்றையும் நான்தான் எடுத்தேன். தேவதாஸை அடிக்க விட்டதும் நான்தான், தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் சரியாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ‘மகன் வாழ்க்கையைக் கெடுத்து’ என்று ஒரு வரி இருக்கிறது, அதை மட்டும் அடித்துவிடுங்கள். நான் இல்லாமல் அவனால் ஓர் அடி நகர முடியாது, மேடம். அந்த அளவுக்குப் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறேன்.