நாற்பத்தாறாவது ஆதாரம்

இரவு ஒன்பதே முக்கால். நூலகத்திலிருந்து பெண்கள் விடுதிக்குப் போகும் செம்மண் பாதை... இன்றைக்குப் போலவே அன்றும் மின்சாரம் இல்லை. நூலகத்தில் மட்டும் ஜெனரேட்டர். அந்தப் பாதையில் சூல்வே தனியாக ஓடி வந்தாள், வெறுங்காலோடு. நம் ஹபீன்சுவின் சித்தப்பா மகள்தான். முறைக்காதே ஹபீன்சு, நீ சொன்ன கதைதானே இது.

அடுப்புக் கரியைக் கொஞ்சம் கிளறுங்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

சூல்வேயும் லுயாண்டோவும் ஒரே அறை. இறுதியாண்டு ஆய்வுக் கட்டுரை எழுத, நூலகத்தின் தரவுத்தளத்தில் ஆதாரம் தேட வேண்டும். அதற்கான கடவுச்சொல்லை நூலகர் வெள்ளிக்கிழமை மட்டும், ஒட்டிய உறையில் தருவார். சூல்வேக்கு வரிசையில் நிற்கச் சோம்பல்.

“நின்னா கால் தேஞ்சா போயிடும்?” என்று கேட்டுக்கொண்டே லுயாண்டோ தன்னுடையதைக் கொடுத்தாள்.

ஒரு கணக்கில் இரண்டு பேர் இருக்க முடியாது. ஒருத்தி நுழைந்தால் மற்றவள் வெளியே தள்ளப்படுவாள். அதனால் நுழையும் முன் கைப்பேசியில் ஒரு செய்தி: “வெளிய வாடி.”

உள்ளே லுயாண்டோவின் எட்டு மாத உழைப்பு இருந்தது. கரிபா அணை கட்டுவதற்காக ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டவர்களைப் பற்றி நாற்பத்தோரு ஆதாரங்கள், ஒவ்வொன்றுக்கும் அவள் எழுதிய குறிப்பு. அத்தனையையும் சூல்வே எடுத்துக்கொண்டாள். அதை வைத்துக் கட்டுரை எழுதி, லுயாண்டோவுக்கு இரண்டு நாள் முந்தியே தன் பெயரில் கொடுத்தும் விட்டாள்.

பேராசிரியர் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். பிந்திக் கொடுத்தவள்தான் திருடி என்றார். லுயாண்டோ அவரைப் பார்க்கவே இல்லை. சூல்வேயைப் பார்த்தாள்.

“நீயே சொல்லுடி.”

சூல்வே தரையைப் பார்த்தாள்.

அன்றிரவே லுயாண்டோ ஊருக்கு பஸ் ஏறினாள். பஸ் பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்தது... அவள் உடலை எடுத்தார்கள். கைப்பேசி கிடைக்கவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பேராசிரியர் சூல்வேயைக் கூப்பிட்டுக் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தார். இன்னும் ஐந்து ஆதாரம் சேர்த்தால்தான் பட்டம். லுயாண்டோவின் கணக்கை மூடியாயிற்று. அந்த வெள்ளிக்கிழமை சூல்வே முதல்முறையாக வரிசையில் நின்றாள்.

இரவு, கடைசிக் கணினி. உறையைக் கிழித்து, புதுக் கடவுச்சொல்லைத் தட்டினாள். காலியாக இருக்க வேண்டிய கணக்கு... நாற்பத்தொன்று இருந்தன. குறிப்புகளோடு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்பத்திரண்டு ஆனது.

திரை வெளுத்தது. ‘இந்தக் கணக்கு வேறொரு கணினியில் திறக்கப்பட்டுள்ளது.’

ஆள் இல்லாத பின்வரிசையில்... டக்... டக்... எழுத்துகள் தட்டும் சத்தம். ஆற்றுச் சேற்று வாடை. செருப்புக்கு அடியில் ஈரம்.

கைப்பேசி அதிர்ந்தது. லுயாண்டோவின் எண்.

“வெளிய வாடி.”

அப்போது செருப்பையும் விட்டுவிட்டு ஓடியவள்தான். கட்டுரையை அவள் திருப்பிக் கொடுக்கவே இல்லை. ஆனால் திங்கட்கிழமை காலை பேராசிரியரின் மேசைமேல் அது இருந்தது. முதல் பக்கத்தில் லுயாண்டோவின் பெயர். தாள்களின் ஓரம் காயவில்லை. ஆதாரங்கள் நாற்பத்தாறு.

கடைசி ஆதாரம் கட்டுரை இல்லை. நேர்காணல் என்று போட்டிருந்தது. பெயர், சூல்வே. இடம், பேராசிரியர் அறை. எதிரே லுயாண்டோவின் குறிப்பு...

‘கேட்டேன். பதில் சொல்லவில்லை.’