பேனல் வரும் முன்பே பாஸான சோதனை

செவ்வாய்க்கிழமை காலை, தர்மபுரியிலிருந்து பாப்பாரப்பட்டி போகும் பேருந்து. முன் இருக்கை அம்மாள், தன் வீட்டு மாடியில் சோலார் மாட்டியவரைக் கண்டதும் பிடித்துக்கொண்டார்.

“எங்களுக்குப் பேனல் வந்தது வெள்ளிக்கிழமை. டெஸ்ட் பாஸுன்னு நீ கையெழுத்துப் போட்டது அதுக்கு முந்துன புதன். எதைப்பா டெஸ்ட் பண்ணுன?”

“எல்லா வூட்டுக்கும் ஒரே ரிப்போர்ட்டுதாங்க்கா. பேப்பர் போனாத்தான் கரண்டு ஆபீஸுல மீட்டர் தருவாங்க.”

“எர்த்துக்குக் குழி எங்க?”

“தோண்டுனா பாறைங்க. எர்த்துக் கம்பியை மாடிப்படிக் கைப்பிடியில கட்டிட்டேன். அதுவும் இரும்புதானுங்களே?”

“உன் அறிவுக்கு அவார்டுதான் குடுக்கோணும்! நேத்து பேஞ்ச மழையில பேனல் சட்டம் இன்னும் ஈரமா இருக்குது. வந்து கை வெச்சுக் காட்டு.”

“ஈரத்துல யாராச்சும் தொடுவாங்களாக்கா?”

“எம் மருமவ தொட்டாளே! துணி எடுக்கப் போனவளை ஷாக்கடிச்சுத் தூக்கி எறிஞ்சிடுச்சு. இன்னும் அவளுக்குக் கை மரத்துக் கெடக்குது.”

நடத்துனர் வந்ததும், சோலார்காரர் அடுத்த நிறுத்தத்துக்குச் சீட்டுக் கேட்டார்.

அம்மாள் அவருடைய பையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“கண்டக்டரே, இவருக்கும் எங்க ஊருக்கே டிக்கெட் போடுங்க.”