டப்பாவில் அடங்காத டிப்ஸ்

கள்ளக்குறிச்சி காவல் நிலையத்தில், சலூன் உரிமையாளர் தீனதயாளன் என்பவர் கொடுத்த மனு மீதான விசாரணையில், உதவி ஆய்வாளர் தேவிப்ரியா அவர்கள் முன்பாகப் பதிவு செய்யப்பட்ட வாக்குமூலம்.

பெயர் ராதிகா. வயது 34. கணவர் பெயர் தங்கதுரை. முகவரி கருணாபுரம், கள்ளக்குறிச்சி.

நான் மேற்கண்ட முகவரியில் கணவர், மகளுடன் குடியிருந்து வருகிறேன். என் கணவர் நெல் அறுக்கும் மிஷின் ஓட்டுகிறார். நான் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தனசேகரன் என்பவருக்குச் சொந்தமான சைவ ஓட்டலில் சப்ளையராக வேலை செய்கிறேன். அங்கே அய்யப்பன் என்பவர் மாஸ்டர். ஆயம்மாள் என்பவர் பாத்திரம் கழுவுகிறார். எங்கள் ஓட்டலை ஒட்டி இடது பக்கம் மனுதாரர் தீனதயாளனின் சலூன் உள்ளது. இரண்டு கடைக்கும் பின்புறம் பொதுச் சுவர். அதில் ஒரு ஆள் குனிந்து போகும் அளவுக்கு இடிந்த சந்து இருக்கிறது.

எங்கள் ஓட்டலில் சாப்பிட வருகிறவர்கள் டிப்ஸ் கொடுத்தால் அதை யாரும் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது. கல்லாவுக்குப் பக்கத்தில் மூடியில் கீறல் போட்ட பால் பவுடர் டப்பா ஒன்று இருக்கிறது. அதில் போட்டுவிட வேண்டும். வாரக் கடைசியில் முதலாளி டப்பாவைத் திறந்து முதலில் ஓட்டல் பங்கு என்று ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, மீதியை எங்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். ஓட்டல் பங்கு எதற்கு என்று ஆயம்மாள் ஒரு முறை கேட்டதற்கு, கண்ணாடி கிண்ணாடி உடைந்தால் வாங்குவதற்கு என்று சொன்னார். எங்கள் ஓட்டலில் டம்ளர், தட்டு எல்லாமே எவர்சில்வர்.

கல்வராயன் மலையைச் சேர்ந்த கருப்பண்ணன் என்பவரை எனக்குக் கொஞ்ச நாளாகத் தெரியும். மலையில் சாமையும் மரவள்ளியும் பயிர் வைக்கிறவர். அவர் மகள் வளர்மதிக்கு அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் செய்து குழந்தை பிறந்திருந்தது. அவர் காலையிலும் இரவிலும் தூக்குவாளியோடு வந்து பார்சல் வாங்கிப் போவார். பிள்ளை பெற்றவளுக்கு என்று சொன்னதால் நான் மாஸ்டரிடம் கேட்டு மிளகும் பூண்டும் போட்ட ரசம் தனியாக வைக்கச் சொல்லி, இட்லியைச் சட்னி இல்லாமல் கட்டி, பிளாஸ்க்கில் வெந்நீர் நிரப்பிக் கொடுப்பேன். வெந்நீருக்கு ஓட்டலில் காசு கிடையாது.

ஒரு நாள் அவர் என் கையில் டிப்ஸ் கொடுத்தார். நான் அதை அவர் கண் முன்னாலேயே டப்பாவில் போட்டேன். அவர் டப்பாவைப் பார்த்துவிட்டு, ‘ஏந்தங்கச்சி, அது யாருக்கு?’ என்று கேட்டார். எல்லாருக்கும் என்று சொன்னேன். ‘மொதலாளிக்குமா?’ என்று கேட்டார். நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அதன் பிறகு நேற்று காலை மேற்படி கருப்பண்ணன் மகளை டிஸ்சார்ஜ் செய்து வண்டியில் உட்கார வைத்துவிட்டு ஓட்டலுக்குள் வந்தார். கையில் ஒரு ஒயர் கூடை. கூடைக்குள்ளிருந்து ஒரு சேவல் தலையை நீட்டி எல்லா டேபிளையும் பார்த்தது. சிவப்பும் கருப்பும் கலந்த நல்ல வளர்த்தியான சேவல். அவர் கூடையை என் கையில் கொடுத்து, ‘காசா குடுத்தா டப்பாவுல பூடுது. இத்த போடச் சொல்லு பாக்கலாம்’ என்று சொன்னார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். கல்லாவில் இருந்த முதலாளி எழுந்து நின்று, ‘யோவ், சைவ ஓட்டல்ல இன்னாய்யா இது?’ என்று சத்தம் போட்டார். அதற்குக் கருப்பண்ணன், ‘உங்களுக்கு இல்லீங்க, தங்கச்சிக்குங்க’ என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். நான் வாசல் வரை போய் வண்டியில் இருந்த குழந்தையைப் பார்த்துவிட்டு வந்தேன். பெண் குழந்தை. நல்ல முடி.

நான் திரும்பி வந்ததும் முதலாளி, சேவலாக இருந்தாலும் டிப்ஸ் டிப்ஸ்தான், அது எல்லாருக்கும் பொது, ஓட்டல் பங்கு உண்டு என்று சொன்னார். சைவ ஓட்டல் முதலாளிக்குக் கோழியில் எப்படிப் பங்கு என்று மாஸ்டர் கேட்டதற்கு, ‘ஓட்டல்தான்டா சைவம், நான் இல்ல’ என்று சொன்னார். அதன் பிறகு மாஸ்டர் அய்யப்பன் தொடைக்கறி தனக்கு என்றும், ஆயம்மாள் கால் இரண்டும் சூப்புக்குத் தனக்கு என்றும், முதலாளி நெஞ்சுக்கறி தன் வீட்டுக்கு என்றும் பேசி, ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் வீட்டில் வைத்து அறுப்பது என்று முடிவு செய்தார்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. என் வீட்டில் பெட்டைக் கோழிகள் இருப்பதால் அதை வளர்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. சேவலைப் பின்பக்கம் கிரைண்டர் அருகில் சாக்குக் கயிற்றில் கட்டி, மீந்த பொங்கலை வைத்தேன். சாப்பிட்டது. வடையும் சாப்பிட்டது.

இன்று டிபன் கூட்டம் முடிந்து, நான் டேபிள் துடைத்துக்கொண்டிருந்தபோது ஆயம்மாள் பின்பக்கமிருந்து, ‘ராதிகா, உன் சேவலு அத்துக்கினு ஓடுதுடி’ என்று கத்தினார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது மேற்படி சேவல் கயிற்றோடு சுவரில் இருந்த சந்து வழியாகப் புகுந்து சலூனின் பின்வாசலுக்குள் போய்க்கொண்டிருந்தது. நானும் குனிந்து பின்னாலேயே போனேன்.

சலூனில் நைனார்பாளையத்தைச் சேர்ந்த அன்புச்செல்வன் என்பவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இன்று மாலை சங்கராபுரத்தில் நிச்சயதார்த்தம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவருக்கு ஒரு கன்னம் வழித்து முடிந்து, மறு கன்னத்தில் சோப்பு நுரை இருந்தது. சேவல் பறந்து கண்ணாடிக்கு முன்னால் இருந்த பலகைத் தட்டின் மேல் ஏறியது. ஏறியதும் கண்ணாடிக்குள் இன்னொரு சேவலைப் பார்த்துவிட்டது. கழுத்து முடியெல்லாம் சிலிர்த்துக்கொண்டு கண்ணாடியைக் கொத்தத் தொடங்கியது. பவுடர் டப்பாவும் சீப்புகளும் கீழே விழுந்தன. பவுடர் புகை மாதிரி கிளம்பியது. மனுதாரர் தீனதயாளன், ‘ஐயோ, புதுக் கண்ணாடி’ என்று சொல்லிக்கொண்டே, சின்னப் பிள்ளைகளுக்கு முடி வெட்டும்போது நாற்காலியின் கைப்பிடி மேல் குறுக்கே போடும் பலகையை எடுத்துச் சேவலைப் பார்த்து வீசினார். சேவல் எகிறிக் குதித்து அன்புச்செல்வனின் மடியில் உட்கார்ந்தது. பலகை கண்ணாடியில் பட்டுக் கண்ணாடி உடைந்தது. யாருக்கும் காயம் இல்லை. அன்புச்செல்வன் மட்டும் கையைத் தூக்கியபடி, ‘அக்கா, எடுங்கக்கா, எடுங்கக்கா’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் சேவலைப் பிடித்துக்கொண்டேன்.

அதன் பிறகு தீனதயாளன் எங்கள் ஓட்டலுக்குள் வந்து, யார் சேவல் என்று கேட்டார். மாஸ்டர் அய்யப்பன், தான் கோழியே சாப்பிடுவதில்லை, ஆடு மட்டும்தான் என்று சொன்னார். ஆயம்மாள், டாக்டர் தன்னைச் சூப் குடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். முதலாளி, ‘ராதிகா கையிலதான் குடுத்தான். அவ சேவல்தான். கண்ணாடிக் காச அவ சம்பளத்துல புடிச்சி தர்றேன். நாளைலேந்து அவ வேலைக்கும் வரத் தேவையில்ல’ என்று சொன்னார். எனக்கு அழுகை வந்தது. கையில் சேவல் இருந்ததால் கண்ணைத் துடைக்க முடியவில்லை.

அதன் பிறகு தீனதயாளன் இந்த நிலையத்தில் மனு கொடுத்தார். நிலையத்திலிருந்து அழைத்ததன் பேரில் முதலாளி, மாஸ்டர், ஆயம்மாள், நான் எல்லாரும் வந்தோம். அன்புச்செல்வனும் பாதிச் சவரத்தோடு துண்டைப் போர்த்திக்கொண்டு சாட்சியாக வந்தார். சேவலையும் கொண்டுவந்தோம். அதை வராந்தாவில் கட்டிவைத்தோம். ஒயர்லெஸ் மைக்கில் பேசும் சத்தம் வரும்போதெல்லாம் அது பதிலுக்குக் கூவியது.

உதவி ஆய்வாளர் அவர்கள் முதலில் சேவல் யாருடையது என்று கேட்டார்கள். முதலாளி, ‘ஆசைப்பட்டு கையில குடுக்கறது வாங்கனவங்களுக்குத்தானே மேடம் சொந்தம். அதுல ஓட்டலுக்கு இன்னா இருக்குது?’ என்று சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை நின்றுவிட்டது. நான், ‘ஆமாங்க மேடம், சேவல் என்னுதுதான். மொதலாளி சொன்னத அப்படியே எழுதிக்குங்க. கையில குடுத்தது வாங்கனவங்களுக்குன்னு எழுதிக்குங்க’ என்று சொன்னேன். எனக்கு அவ்வளவு சத்தமாகப் பேச வரும் என்று எனக்கே தெரியாது. முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

உதவி ஆய்வாளர் அவர்கள் அது என்ன விஷயம் என்று விசாரித்ததில், ஆயம்மாள் பால் பவுடர் டப்பாவைப் பற்றி முழுவதும் சொன்னார். நாங்கள் சொல்லச் சொல்லவில்லை. அவராகவே சொன்னார். உதவி ஆய்வாளர் அவர்கள் முதலாளியைப் பார்த்து, ‘சேவல் கையில குடுத்தா அவங்களுது, காசு கையில குடுத்தா டப்பாவுக்கா சார்?’ என்று கேட்டார்கள்.

அதன் பிறகு உதவி ஆய்வாளர் அவர்கள் சேவல் கொடுத்தவரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று பார்சல் சொல்வதற்காக அவர் பேசிய நம்பர் என் போனில் இருந்ததால் அதிலிருந்து கருப்பண்ணனை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார்கள். மலையில் சிக்னல் சரியாகக் கிடைக்காததால் அவர் கத்திப் பேசினார். போலீஸ் ஸ்டேஷன் என்றதும், ‘சேவலு செத்துப் போச்சா? வேற குடுத்து வுடட்டா?’ என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும், ‘அடடா, அது கண்ணாடியக் கண்டா வுடாது மேடம். எங்கூட்டுல வண்டி கண்ணாடிய ரெண்டையும் கழட்டி வச்சிருக்கேன். சொல்ல மறந்துட்டேனே’ என்று சொன்னார். நிலையத்தில் எல்லாரும் சிரித்தார்கள். மனுதாரர் தீனதயாளனும் சிரித்தார். பிறகு வளர்மதி போனை வாங்கி, ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் அந்த அக்கா கொடுத்த ரசத்தில்தான் தனக்குச் சோறு இறங்கியது, அந்த அக்காமேல் கேஸ் போடாதீர்கள் என்று சொன்னாள். அவள் முகத்தை நான் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன்.

பிறகு கண்ணாடி எப்படி உடைந்தது என்று கேட்டதற்கு நான் பலகை வீசியதைச் சொன்னேன். சேவல் உள்ளே போகாமல் இருந்தால் அவர் வீசியிருக்க மாட்டார் என்றும் சொன்னேன். தீனதயாளன், ‘நாந்தான் மேடம் வீசனேன், கோவத்துல. அந்தச் செவுத்த அடைக்கச் சொல்லி எத்தினி வாட்டி இவருகிட்ட சொல்லிக்கினு இருந்தேன்’ என்று முதலாளியைக் காட்டினார். அப்போது ஆயம்மாள், ‘கண்ணாடி ஒடஞ்சா வாங்கறதுக்குன்னுதானே மொதலாளி இத்தன நாளும் பங்கு எடுத்தாரு. இப்பதான் மொத மொதலா ஒடஞ்சிருக்குது’ என்று சொன்னார். மாஸ்டர் அய்யப்பன் ஆமாம் என்று சொன்னார்.

முதலாளி தலையைச் சொறிந்துகொண்டே தானும் சிரித்துவிட்டார். கண்ணாடி தான் வாங்கித் தருவதாகவும், சுவரை அடைப்பதாகவும், இனிமேல் கையில் கொடுக்கும் டிப்ஸ் வாங்கியவருக்கு, டப்பாவில் விழுவது வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் என்றும் சம்மதித்தார். அதைத் தனியாக எழுதிக் கையெழுத்தும் போட்டார். என்னை வேலையை விட்டு நிறுத்துவது பற்றிக் கேட்டதற்கு, ‘நான் எங்க மேடம் நிறுத்தனேன்? ராத்திரி டிபனுக்கு இவ வரலன்னா யாரு பாக்கறது?’ என்று சொன்னார். மனுதாரர் தனக்கு மேல் நடவடிக்கை எதுவும் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்.

இதற்குள் அன்புச்செல்வனுக்கு அவர் அக்காவிடமிருந்து போன் மேல் போன் வந்துகொண்டிருந்தது. சலூனில் கண்ணாடி இல்லாததால் தீனதயாளன் சாமான்களை எடுத்து வந்து, உதவி ஆய்வாளர் அவர்களின் அனுமதியோடு, நிலைய வாசலில் நின்ற ஜீப்பின் பக்கக் கண்ணாடிக்கு நேராக அவரை ஸ்டூலில் உட்கார வைத்து மறு கன்னத்தையும் வழித்து முடித்தார். நான் சேவலை ஒரு பக்கம் இடுக்கிக்கொண்டு, அது கண்ணாடியைப் பார்த்துவிடாமல் முந்தானையால் மூடி, மறு கையில் தண்ணீர் மக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முடிந்ததும் அன்புச்செல்வன் கன்னத்தைத் தடவிப் பார்த்து, நன்றாக இருக்கிறதா என்று எல்லாரிடமும் கேட்டார். மாப்பிள்ளை மாதிரி இருக்கிறது என்று காவலர் ஒருவர் சொன்னார்.

அதன் பிறகு அன்புச்செல்வன் தீனதயாளனுக்குக் கூலிக்கு மேல் கொடுத்துவிட்டு, என் கையிலும் ஒரு நோட்டை வைத்து அழுத்தி, ‘நல்ல நாளு, மாட்டேன்னு சொல்லாதீங்கக்கா’ என்று சொன்னார். நான் பழக்கத்தில் முதலாளியைப் பார்த்தேன். முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் திரும்பி, வாசலில் இருந்த வேப்பமரத்தை ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் நோட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். சேவலை என் பொறுப்பிலேயே வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். என் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி உயரத்தில்தான் மாட்டியிருக்கிறது. நான் சொன்னதை எழுதியவர் எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். சொன்னபடியே உள்ளது, கூட்டியும் இல்லை, குறைத்தும் இல்லை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) த. ராதிகா

என் முன்பாகப் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்) தேவிப்ரியா, உதவி ஆய்வாளர்