ஒன்றரை லிட்டர் குறைவு

ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் ஆயிலைப் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது, ஐயா. வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடாக்கி, சமதரையில் நிறுத்தி, இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப்ஸ்டிக் என்கிற அளவுக்கம்பியை உருவ வேண்டும். அணைத்துவிட்டுப் பார்த்தால், மேலே சுற்றிக்கொண்டிருந்த ஆயிலும் அடியில் இறங்கிவிடும். குறைவாக இருந்தாலும் நிறைந்திருப்பதாகக் காட்டும். கார் வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. என் மகளுக்குத் தெரியும். பால்பல் விழாத வயதிலேயே நான் சொல்லிக்கொடுத்தது.

நீங்கள் பிடித்து வைத்திருக்கும் லாரி டிரைவரை வெளியே பெஞ்சில் பார்த்தேன். தலையில் கைவைத்து அழுதுகொண்டிருந்தார். அவர்மேல் தப்பில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

என் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் எனக்குப் பேச்சுத்துணை ஃபிரிட்ஜ் மட்டும்தான். அதுதான் அவ்வப்போது முனகும். மகள் வேலை பார்த்தது வேறு ஊரில். போன வருடம் வந்திருந்தபோது அவள் வண்டிக்கு ஆயில் மாற்றினேன். பாதி ஊற்றும்போது யாரோ கூப்பிட, மீதியை ஊற்ற மறந்துவிட்டேன். சத்தியமாக மறதிதான். ஊர் எல்லை தாண்டுவதற்குள் வண்டி படுத்துவிட்டது. கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். பெட்டியோடு இறங்கி, "இந்த வண்டிக்கு என்னை அனுப்ப மனசில்லப்பா" என்று சிரித்தாள்.

மீதி ஆயிலை ஊற்றியிருந்தால் வண்டி அப்போதே ஓடியிருக்கும். நான், "பார்ட்ஸ் வரணும்மா" என்றேன்.

வராத பார்ட்ஸுக்காக அவள் காத்திருந்த நாட்கள்தான் ஐயா நான் வாழ்ந்த நாட்கள். என் சட்டைகளைத் திட்டிக்கொண்டே துவைத்தாள். அவள் அம்மாவைப்போலவே கதவை உதைத்துத் திறந்தாள். வீட்டில் இரண்டு தட்டு கழுவ வேண்டியிருந்தது.

இந்த முறை வந்தவள், வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது என்றாள். இனி நினைத்தபோது வர முடியாதாம். "சந்தோஷம்மா" என்றேன். சந்தோஷம்தான். "வண்டிய விக்கப்போறேன்ப்பா. அதுக்கு முன்னாடி ஆயில் மாத்திக் குடுங்க" என்றாள்.

மாற்றினேன். வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடித்தட்டைக் கழற்றி, கறுத்த ஆயிலை வடித்தேன். தட்டில் இருக்கும் காந்தத்தில் ஒட்டிய இரும்புத்தூளைத் துடைத்தேன். புது ஃபில்டர், புது கேஸ்கெட். நீங்கள் பிரித்துப் பார்க்கலாம், வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. பிறகு ஒன்றரை லிட்டர் குறைத்து ஊற்றினேன். மீதி என் பட்டறை மேஜைக்கு அடியில் டப்பாவிலேயே இருக்கிறது. ஆள் அனுப்பினால் எடுத்துக்கொள்ளலாம்.

கிளம்புகிற காலையில் அவளே பானட்டைத் திறந்து டிப்ஸ்டிக்கை உருவினாள். இஞ்சினைப் போடவில்லை. அவசரத்தில் மறந்துவிட்டாள். "ஃபுல்லா இருக்குப்பா" என்று என்னிடம் காட்டினாள். 'இஞ்சினைப் போட்டுப் பாரு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அப்பா மாத்தினா குறையுமா?" என்றேன். என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஏறினாள்.

போன தடவைபோல ஊர் எல்லையிலேயே நிற்கும் என்று கணக்குப் போட்டேன். ஆனைக்கும் அடி சறுக்கும். வண்டி மலைப்பாதை வரைக்கும் போய்விட்டது. அங்கிருந்துதான் போன் வந்தது.

"அப்பா, இஞ்சின் கத்துது, வண்டி விட்டுவிட்டுத்தான் இழுக்குது. ஓரமா நிறுத்திட்டேன். கீழ இறக்கத்துல ஒரு ஒர்க்‌ஷாப் தெரியுது. உருட்டிக்கிட்டே போயிடட்டுமா?"

போயிருக்கலாம். ஆனால் அந்த மெக்கானிக் இஞ்சினை ஓடவிட்டு டிப்ஸ்டிக்கை உருவுவான். ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஆயில் ஊற்றி அனுப்பியும்விடுவான். இரண்டில் எதற்கு அதிகமாகப் பயந்தேன் என்று இப்போதுவரை யோசிக்கிறேன்.

"கண்டவங்கிட்ட குடுக்காதம்மா. திருப்பிக்கிட்டு வீட்டுக்கு வந்துடு."

"வளைவா இருக்கேப்பா."

"மெதுவாத் திருப்பு. அப்பா சொல்றேன்ல."

குறுகிய சாலையில் திருப்ப முன்னே போய்ப் பின்னே வர வேண்டும். ஆயில் குறைந்த வண்டி ரிவர்ஸில் பிடிக்காது. இது எனக்குத் தெரியும் ஐயா. என் தொழிலே அதுதான். சாலைக்குக் குறுக்காக நின்றுவிட்டது. போனை அவள் அணைக்கவில்லை. இஞ்சின் கத்தியது கேட்டது. "போக மாட்டேங்குதுப்பா" என்றாள். அப்புறம் ஹாரன். ஹாரன் நிற்கவே இல்லை.

பிரேக்கில் நான் கைவைக்கவில்லை. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெற்றவன் செய்கிற காரியமா அது?

நான்தான் செய்தேன். ஆயிலைக் குறைத்ததும் நான், திருப்பச் சொன்னதும் நான். அந்த டிரைவரை அனுப்பிவிடுங்கள். அவர் வீட்டிலும் காத்திருப்பார்கள்.

ஒன்றே ஒன்று. லாரி இடித்த வேகத்தில் வண்டி சுழன்று, அதன் மூக்கு எங்கள் ஊர்ப் பக்கம் திரும்பி நின்றதாகச் சற்றுமுன் சொன்னீர்கள். அதைமட்டும் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. லாரி திருப்பவில்லை. என் மகள்தான் திருப்பினாள். அவள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள்.