கொக்கின் கழுத்து

— ஏணியைத் தோள்ல போட்டுக்கிட்டுத் திரும்புறியே, பின்னாடி என்ன நிக்குதுன்னு பார்க்க மாட்டியா டேஹாய்? கண்ணைக் கழட்டி வீட்டுலயே வச்சுட்டு வந்தியா?

— நானா இடிச்சேன்?

— பின்னே? ஐஸ் கொக்கு தானாத் தலையைக் கழட்டிக் கீழ வச்சுட்டுக் குளிக்கப் போச்சாக்கும்!

— எதுவும் தட்டுப்பட்ட மாதிரி இல்லையே தலைவரே.

— கட்டின பொண்டாட்டியைத் 'தலைவரே'ன்னா ஆச்சா? தொப்பி, அதுக்கு மேல ஒரு தொப்பி, அதுக்கு மேல போர்வை கணக்கா ஒரு கோட்டு. ஆனை வந்து இடிச்சாலே உனக்கு உறைக்காது. ஏணி நுனி பட்டதா தெரியப் போகுது?

— சரி, காட்டு, தலையைக் கையில எடுத்துப் பார்க்கறேன்... ம்.

— என்ன 'ம்'?

— ஒண்ணுமில்ல. சரி. நான்தான் இடிச்சிருப்பேன்.

— அந்தச் 'சரி'யைச் சொல்லாதே. கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது.

— சரி.

— அண்ணே! அண்ணி! என்ன இது, கொக்கு மொட்டையா நிக்குது?

— வாடா மெங். உங்க அண்ணன் ஏணியால ஒரு போடு போட்டாரு. அவ்வளவுதான்.

— அடப்பாவமே! போட்டி நடுவருங்க இன்னைக்கு ராத்திரி வர்றாங்களே. ஆனா ஒண்ணு அண்ணி, ஒன்றரை ஆள் உயரத்துல இருந்து விழுந்திருக்கு, அலகு நுனி கூட மழுங்கல பாருங்க. நான் ஒண்ணும் சொல்லலப்பா, உங்களுக்குப் பெரிய அதிர்ஷ்டம்.

— கீழ புதுப்பனி கிடந்துச்சு. மெத்துன்னு விழுந்துருச்சு. நீ போய் உன் கரடியைச் செதுக்கு.

— அது புலி அண்ணி.

— அப்ப 'நீ புலி'ன்னு முதல்ல அதுக்கிட்டச் சொல்லு.

— என்னைக் கிண்டல் பண்ணது போதும். தண்ணியைத் தடவி வச்சு அமுக்குங்க, கண் மூடித் திறக்கறதுக்குள்ள பிடிச்சிக்கும். இந்தக் குளிர்ல எச்சில் துப்பினாலே தரைக்குப் போறப்ப கல்லா இருக்கு.

— உங்க அண்ணன் காதுல விழற மாதிரிச் சொல்லு. நாங்க விளக்கு போடறதுக்குள்ள பதிவு ஆபீஸுக்குப் போயாகணும். சாயங்காலம் அங்க கதவைச் சாத்தறதும் இங்க விளக்கு போடறதும் ஒரே நேரம்.

— பதிவு ஆபீஸா? எதுக்கு?

— விவாகரத்துக்கு.

— ஆங்?

— வாயை மூடு, பல்லு உறைஞ்சிரும். மனுக் கொடுத்தா 'கொஞ்சம் ஆறப் போடுங்க'ன்னு சட்டமே ஒரு மாசம் உட்கார வைக்குது. அதுக்கப்புறம் ஒரு மாசத்துக்குள்ள ரெண்டு பேரும் நேர்ல போய்ப் பத்திரத்தை வாங்கணும். போகலைன்னா மனு செல்லாது. அதுக்கு இன்னைக்குத்தான் கடைசி நாள்.

— இத்தனை நாள் என்ன பண்ணினீங்க?

— ஒரு நாள் எனக்குத் தலைவலி. ஒரு நாள் இவருக்குப் பல்வலி. அப்புறம் ஆத்துல ஐஸ் வெட்ட ஆரம்பிச்சுட்டாங்க, வேலை வந்துருச்சு.

— அண்ணே, நிஜமாவா? என்னதான் காரணம்?

— ஊறுகாய் ஜாடி, தம்பி.

— ஜாடியா!

— எங்க அம்மா கொடுத்த ஜாடிடா. குளிர்காலம் பூரா தின்ன முட்டைக்கோஸ் ஊற வைக்கிற ஜாடி. கழுவி பால்கனியில கவுத்து வச்சிருந்தேன். இந்த மகராசன் உள்ள மெழுகுவத்தி வைக்க ஐஸ் விளக்கு வார்க்கறேன்னு அதுல தண்ணியை ஊத்தி விட்டுட்டாரு. விடிஞ்சு பார்த்தா ரெண்டாப் பிளந்து நிக்குது. ஹார்பின் பூரா ஐஸ் சிற்பி, ஐஸ் சிற்பின்னு பேரு. தண்ணி உறைஞ்சா வீங்கும்னு தெரியல!

— அண்ணே, விளக்கு வார்க்க வாளியில ஊத்தணும். சின்னப் பசங்களுக்கே தெரியுமே.

— வாளியில அந்த வளைவு வராது தம்பி. ஜாடி வயிறு அவ்வளவு அழகு.

— பார்த்தியா? இன்னிக்கும் ஜாடி வயிறு அழகாம்!

— இருந்தாலும் அண்ணி, ஒரு ஜாடிக்கா கல்யாணத்தை உடைக்கறது?

— ஜாடிக்கு இல்லடா. அன்னைக்கு வந்த கோபத்துல 'இனி உன்கூட மனுஷி இருப்பாளா, வா, எழுதிக் கொடுத்துரலாம்'னேன். ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான். அதுக்கு ஒரு ஆம்பளை என்ன சொல்லணும்? 'அடி போடி'ங்கலாம். கெஞ்சலாம். இன்னொரு ஜாடியைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம். இவரு என்ன சொன்னாருன்னு அவரையே கேளு.

— என்ன அண்ணே சொன்னீங்க?

— சரின்னேன்.

— ஐயோ!

— அவ கேட்டா நான் எதையும் மறுத்ததில்ல தம்பி. அந்தப் பழக்கத்துல வந்துருச்சு.

— பழக்கமாம்! பதினெட்டு வருஷம் கூடவே இருந்தவ போறேங்கறா, கடையில உப்பு வாங்கிட்டு வான்னா சொல்ற மாதிரி 'சரி'.

— நான் ஒண்ணும் சொல்லலப்பா. என் புலி காத்துக்கிட்டிருக்கு, வரேன்.

— நீ என்னய்யா நிக்கறே? ஒட்டு. நேரம் ஓடுது.

— ஃப்ளாஸ்க் தண்ணி ரொம்பச் சூடா இருக்கு. கொஞ்சம் ஆறட்டும்.

— சரியாப் போச்சு. இங்க ஆறாம வேற எங்க ஆறும்?

— ஆறிருச்சு... அடடா, உறைஞ்சே போச்சு.

— வேற ஊத்து!

— மிச்சத்துல குமிழா வருது. கழுத்துல குமிழ் இருந்தா வெளிச்சம் பட்டதும் அம்மைத் தழும்பு மாதிரிக் காட்டும். நல்லாக் கொதிச்ச தண்ணியா டீக்கடையில வாங்கிட்டு வந்துடறேன்.

— டீக்கடை அந்தக் கோடியில இருக்கு!

— சரி, ஓடிட்டு வரேன்.

— ... வந்தியா? போனவன் போனாண்டின்னு இருந்தேன். என்னது அது, கோட்டுக்குள்ள?

— சுட்ட சர்க்கரைவள்ளி. காலையில இருந்து நீ ஒண்ணும் சாப்பிடலையே. சூடு போகறதுக்குள்ள பிடி.

— தண்ணி எங்கே?

— ... கடை மேசையிலயே வச்சுட்டேன்.

— உன்னை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்! போ, போய் எடுத்துட்டு வா. நில்லு, இதுல பாதியைத் தின்னுட்டுப் போ. உன் மூக்கு நீலம் பாரிச்சுக் கிடக்கு.

— நல்லா இனிக்குது, இல்ல?

— பேசாமத் தின்னு.

— அண்ணி! அண்ணன் ரெண்டாந் தடவையும் ஓடறாரா? நான் ஒண்ணும் சொல்லலப்பா, கொக்குத் தலையில வெண்ணெய் வச்சுப் பிடிக்கிற வேலைதான் இங்க நடக்குது.

— உன் கரடி மூஞ்சி கோணலா இருக்கு. அதை முதல்ல பாரு.

— புலி!

— தலைவரே, இதோ தண்ணி. நீ ஏணியைப் பிடி. கொஞ்சம் இடப்பக்கம் பார்க்கட்டுமா தலை?

— எந்தப் பக்கமாவது பார்க்கட்டும். அமுக்கு!

— இல்ல, ஆத்துப் பக்கம் பார்த்தாத்தான் உயிர் இருக்கும். அந்த மெல்லிசு உளியைக் கொடு. பொறு, கையுறையைக் கழட்டிக்கறேன். கை மரத்துப் போச்சு, கொஞ்சம் தேய்ச்சுக்கறேன்...

— அண்ணே! விளக்கு போட்டுட்டாங்க! அட, உங்க கொக்கைப் பாருங்க, கழுத்துல நீலம் ஓடுது. எந்த இடத்துல ஒட்டினீங்கன்னே தெரியலையே!

— போச்சு. ஆபீஸைச் சாத்தியிருப்பான்.

— சாத்தியிருப்பான்.

— மனுவும் போச்சு. உன்னாலதான். மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

— யாச்சின், ஒண்ணு கேட்கவா? ஏணி இடிச்சு உடைஞ்ச ஐஸ் எப்படி இருக்கும்?

— இது ஒரு கேள்வியா? பல்லுப் பல்லா இருக்கும். ஓரமெல்லாம் வெள்ளையா நொறுங்கியிருக்கும்.

— இது நூல் பிடிச்ச மாதிரி நேரா, வழவழன்னு இருந்துச்சு.

— இருக்கும். ஒவ்வொரு ஐஸு ஒவ்வொரு மாதிரி.

— உன் கோட்டுக் கை பூரா ரம்பம் அறுத்த ஐஸ் தூள்.

— அது வால் பக்கம் அறுத்தது.

— வாலை நேத்தே முடிச்சுட்டோம்.

— ஆமாய்யா, நான்தான் அறுத்தேன்! நீ அந்தப் பக்கம் போனப்ப இதே ஏணியில ஏறி அறுத்து, அலகுல அடிபடாம, தொட்டில்ல போடற மாதிரிக் கீழ வச்சேன். போதுமா? இன்னைக்கும் நீ 'சரி, வா'ன்னு ஆபீஸுக்குக் கிளம்பிருவியோன்னு காலையில இருந்து உன் மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருந்தேன். போக வேண்டாம்னு உன் வாயில இருந்து ஒரு வார்த்தை வரல. நானா எப்படிச் சொல்றது?

— ம்.

— இது எப்பத் தெரிஞ்சுது உனக்கு?

— தலையைக் கையில எடுத்தப்பவே.

— அப்பவேவா! தெரிஞ்சும் 'நான்தான் இடிச்சிருப்பேன்'னு தலையாட்டினியே, ஏன்? சீக்கிரமா ஒட்டி முடிச்சுட்டு என்னைக் கையைப் பிடிச்சு ஆபீஸுக்கு இழுத்துட்டுப் போகத்தானே?

— தலைவரே, இந்தக் குளிர்ல ஒரு கழுத்தை ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

— கண் மூடித் திறக்கற நேரம்.

— நான் மத்தியானம் பூரா ஒட்டினேன்.