நசீராவின் பெயரில் ஒரு 'சரி'

ஆறின இட்லி எனக்குப் பிடிக்காது. எதுவும் அதது நேரத்துக்கு நடந்துவிட வேண்டும். விசாரணைக் குழுவினராகிய நீங்கள் கேட்டதால் இதையும் நேரத்தோடு எழுதி அனுப்புகிறேன்.

நாம் சேர்ந்து உருவாக்கும் லினக்ஸ் இயங்குதளத்தில், திரையில் தெரியும் முகப்பு முழுவதையும், அதாவது லாகின் பக்கம், மெனு, ஜன்னல்கள் எல்லாவற்றையும், ஆறு மாதத்துக்கொரு முறை புதுப்பிக்கிறோம். நூற்று எண்பத்து நான்கு மென்பொருள் தொகுப்புகள். எல்லாம் ஒரே நாளில் போக வேண்டும். முன்னே பின்னே போனால் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். அவற்றை ஒன்றுசேர்த்து அனுப்புவது, ஸ்ரீரங்கத்தில் என் வீட்டிலிருந்து, என் வேலை.

இம்முறை நூற்று எண்பத்து மூன்று தயார். மிச்சம் ஒன்று, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் தொகுப்பு. அதைப் பார்த்துக்கொண்டவர் எடமலைப்பட்டி புதூர் நசீரா. பிறவியிலேயே பார்வை இல்லாதவர்.

"ரெங்கராஜ் சார், லாகின் பக்கத்துல சத்தமே வரலைங்க. ரெண்டு வாரம் குடுங்க, சரி பண்ணிடறேன்" என்றார்.

ஒருவருக்காக எல்லோரையும் காக்க வைப்பது நியாயமாகப் படவில்லை. முன்பொருமுறை அவர் கணினியைச் நான் சரிசெய்து கொடுத்தபோது நம் திட்டத் தளத்துக்கான பாஸ்வேர்டைச் சொல்லியிருந்தார். அதைக்கொண்டு அவர் பெயரில் தளத்துக்குள் போய், அவர் தொகுப்பின் சோதனைக்கு நேரே 'சரி' என்று குறித்தேன். புதுப்பிப்பு குறித்த நாளில் வெளியானது. பாராட்டு மடல்கள் வந்தன.

வையம்பட்டியில் ஜோதி என்ற பெண்ணுக்கு மறுநாள் காலை ஆன்லைனில் வேலை நேர்காணல். அவருக்கும் பார்வை இல்லை. கணினி பேசாததால் உள்ளே போக முடியாமல் இரண்டு மணி நேரம் தட்டித் தடவியிருக்கிறார். வேலை வேறொருவருக்குப் போனது. இதுபோல் முந்நூறு புகார்கள்.

நசீரா ஆட்டோ பிடித்து என் வீட்டுக்கு வந்தார்.

"நான் சரின்னு போடவே இல்லைங்க சார். இப்ப என் மிஷினும் ஊமையாயிடுச்சு. போன்லயும் நம்ம தளத்தோட சோதனைப் பக்கத்தைச் சரியா வாசிக்க மாட்டேங்குது. பதிவுல என்ன இருக்குன்னு நீங்க படிச்சுச் சொல்லுங்க."

படித்தேன். பெயர், தேதி, 'சரி'. நான்காவது வரியில் அது எந்தக் கணினியிலிருந்து போனது என்று இருந்தது. அதைப் படிக்கவில்லை. நீங்கள் அதைப் படித்திருக்கிறீர்கள், அதனால்தான் இந்தக் கடிதம்.

நசீரா கேட்டார்: "அப்ப நான்தான் தெரியாம போட்டுட்டேனா சார்?"

"மனுஷங்கதானே, நடக்கறதுதான்" என்றேன்.

விலகல் கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல நான்தான் தட்டச்சு செய்தேன். ஜோதியிடம் அவர் கேட்ட மன்னிப்பையும் விடாமல் சேர்த்தேன். பிறகு கையைப் பிடித்துப் படியிறக்கி, ஆட்டோவில் பத்திரமாக ஏற்றிவிட்டேன். பார்வை இல்லாதவர்கள் விஷயத்தில் நான் எப்போதுமே கூடுதல் கவனம் எடுத்துக்கொள்கிறவன்.